குறை சொல்லாத விருந்து

பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில், பிச்சைமுத்து வீட்டுக் கூடத்தில் இலை போட்டாயிற்று. சிங்கப்பூரில் உள்ள ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஜெயராஜ் வந்திருந்தார். கல்லூரிக்கு ஒரு கிளை திறக்கப் போகிறார்கள். பினாங்கிலா, ஈப்போவிலா என்று முடிவு சொல்வது அவர் பொறுப்பு. சாயங்காலம் அவருக்குக் கப்பல்.

அடுக்களையில் பிச்சைமுத்துவின் மகள் புஷ்பவள்ளி ரசம் நுரை கட்டுவதைப் பார்க்காமல் கூடத்துப் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியிறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜில் தேறியவள். சிங்கப்பூருக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார் அப்பா. கல்லூரி இங்கே வராவிட்டால் தை மாதம் கல்யாணம்.

"சொல்லுங்க, உங்க ஊர் எப்படி?" என்றார் ஜெயராஜ்.

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றார் பிச்சைமுத்து.

பக்கத்து வீட்டுச் சாப்பாட்டுக்கடைக்காரர் ஷேக் அலாவுதீனும் சேர்ந்துகொண்டார். "என்ன குறை லா? மலைமேல ரயிலே ஏறுது! மாசத்துக்கு ஒரு புதுத் தெரு. ஜனம் நெரியுது."

"பிள்ளைங்க படிப்பு?"

"ஊர் நிறைய பள்ளிக்கூடம், சார்."

"அதை முடிச்ச பிறகு?"

பிச்சைமுத்து ஒரு வடையைக் கையில் எடுத்தார். "அதுக்கும் குறையில்லீங்க. எல்லாரும் நல்லாவே இருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம். ஈப்போவுல உட்கார்ந்த இடமெல்லாம் குறைதான் சொன்னாங்க. ஒருத்தர் அழுதே விட்டார். அப்ப கிளையை அங்கேதான் வைக்கணும்."

வடை அந்தரத்தில் நின்றது. சாப்பிட வந்தவரிடம் போய் எங்களுக்கு அது இல்லை, இது இல்லை என்று எப்படிச் சொல்வது?

ரசத்தோடு வந்த அவர் மனைவி வள்ளியம்மா நின்றாள்.

"குறை இருக்குங்க."

"வள்ளி! விருந்தாளி முன்னால என்ன பேச்சு?"

"நீங்க சொல்லல, நான் சொல்றேன். ஐயா, அத்தனை படிச்ச பொண்ணு உள்ளே ரசம் வைக்குது. மேல படிக்க இந்த ஊர்ல இடம் இல்ல. இவர் கப்பலேத்த மாட்டாராம். பக்கத்து வீட்டு ஹமீதாவும் படிச்சிட்டுத் தலையணை உறையில பூப்போடுது. கேளுங்க, அவ வாப்பா இதோ இருக்காரு."

அலாவுதீன் கனைத்தார். "தங்கச்சி சொல்றது நெசம்தான், சார். பள்ளிக்கூடம் இருக்கு, வாத்தியார் பத்தல. இந்தியாவுலேர்ந்து வர்றவரும் இங்கத்த மழையப் பார்த்ததும் திரும்பக் கப்பலேறிடறாரு."

"காலையிலேர்ந்து சுத்திக் காட்டுனீங்களே, அப்பவே சொல்லக் கூடாதா?" என்றார் ஜெயராஜ்.

"விருந்தாளிகிட்ட எப்படிங்க…" என்று இழுத்த பிச்சைமுத்து, சட்டென்று நிமிர்ந்தார். "சொல்லலாம்னா சொல்றேன். ஈப்போக்காரன் குறையெல்லாம் ஒரு குறையா?"

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அலாவுதீன் ஒன்று சொல்ல, இவர் இரண்டு சொல்ல, ஜெயராஜ் சாப்பாட்டுக் கையைத் தூக்கி மறித்தார்.

"போதும், போதும்! இங்கேயே திறப்போம். பொண்ணுங்களையும் சேர்ப்போம். இடம்தான் வேணும்."

"என் கடை மாடி சும்மா கிடக்கு லா. மத்தியானம் மீன்கறி வாசம் வரும், பிள்ளைங்க பொறுத்துக்கணும்."

அடுக்களையில் புஷ்பவள்ளி அம்மிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணும் நனைந்தது.

கூடத்தில் அப்பா பழக்கத்தை விடவில்லை. "சாப்பாட்டுல ஏதும் குறை இருக்கா சார்?"

"இப்ப நானும் சொல்லலாமா?"

"தாராளமா."

"ரசத்துல உப்பே இல்ல."

புஷ்பவள்ளி உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.