கஷ்தாக்கிடமிருந்து விலகிய விதம்

பொள்ளாச்சியில் எங்கள் திரைப்படச் சங்கத்தில் சேர்பவர்கள், தங்களுக்குப் பிடித்த இயக்குநரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மாலையிலிருந்து அவர்களுடைய வாழ்க்கை அந்த இயக்குநரின் பாணியில் நடக்கும். சங்கக் கூடத்துக்குள் மட்டும் பாணி செல்லாது. அங்கே எல்லாரும் விவாதிக்க வேண்டியிருக்கிறதே.

செயலாளர் குழந்தைவேலு மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருடைய இயக்குநருக்கு வண்ணம் ஆகாது என்பதால் கடையில் எல்லா மாத்திரையும் சாம்பல் நிறம். வாங்குபவர்கள் நக்கிப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். கல்லூரி ஆசிரியர் ஜெரால்டுடைய இயக்குநர் மனிதர்களின் முதுகை மட்டுமே காட்டுபவர். ஜெரால்டு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் மனைவி கல்யாண ஆல்பத்தை எடுக்கிறார்.

நான் எழுதியது கஷ்தாக் என்ற பெயரை. அவருடைய நாலு மணி நேரப் படத்தைச் சங்கத்தில் போட்டபோது பதினேழாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது எங்கும் மூடுபனி. விவாதத்தில் எழுந்து, அந்த மூடுபனிதான் மனிதனின் தனிமை என்று இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அது நகராட்சிக்காரர்கள் கொசுவுக்கு அடித்த புகை, ஜன்னல் வழியாக வந்தது என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதாகச் சொல்வார்கள். யானைக்காவது தும்பிக்கை இருக்கிறது.

கஷ்தாக்கின் கதாநாயகர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். ஜன்னலருகே போய் நிற்பார்கள். கண்ணாடியில் மழை வழியும்.

என் மனைவி பூங்கோதைக்குப் பித்தப்பையில் கல். வியாழக்கிழமை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். அதற்குப் பதினோரு நாள் முன்னால் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, அன்னிக்குக் கூட வந்து நிப்பீங்களா? தனியாப் போகப் பயமா இருக்குதுங்க."

நான் ஜன்னலருகே போய் நின்றேன். தெருவில் சுள்ளென்று வெயில். கண்ணாடியில் மட்டும் மழை. 'வர்றேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஆறு நாள் நின்றேன். வேளாவேளைக்குச் சாப்பாட்டை ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஏழாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள். துண்டு, சோப்பு, ஒரு போர்வை, ஒரே ஒரு டம்ளர்.

அன்று மாலை, சனிக்கிழமைக் கூட்டத்தில், இயக்குநரை மாற்றித் தரக் கேட்டேன். புதியவருடைய படத்திலிருந்து ஒரு காட்சியையாவது, விழித்திருந்து பார்த்தபடி சொல்ல வேண்டும் என்பது விதி.

"ஈரானா, போலந்தா?" என்றார் ஜெரால்டு.

எனக்கு அப்படித் தெரிந்தவர் ஒருவர்தான். "அதிரடி பொன்னுரங்கம்" என்றேன்.

குழந்தைவேலு பேனாவை மூடினார். "அந்தாளா? மூடுபனியப் பத்தி அப்படிப் பேசுன நீங்களா கேக்கறீங்க?"

"அது கொசுப் புகைங்க."

அவர் பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார். நான் காட்சியைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கதாநாயகி தனியாகக் கிடக்கிறாள். கதாநாயகன் பைக்கில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து 'வந்துட்டேன்' என்கிறான். பதினாலு தடவை பார்த்த காட்சி. சொல்லும்போதே அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை என்று சொன்னால் பொய்.

"அதுக்கு முன்னாடி வில்லனோட லாரி கவுந்துருமே," என்றேன் மூக்கை உறிஞ்சியபடி.

"பின்னாடிங்க," என்றார் ஜெரால்டு மெதுவாக. "லாரி கவுர்றது பாட்டு முடிஞ்ச பின்னாடி."

யாரும் மறுக்கவில்லை. ஒன்பது பேரும் கை தூக்கினார்கள்.

வியாழக்கிழமை ஒன்பது ஐம்பத்தைந்துக்கு என் மொபெட்டில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனேன். தலைமுடி காற்றில் பறந்தது. எனக்கு வழுக்கை விழுந்து எட்டு வருடமாகிறது.

"வந்துட்டேன்."

"வாசக் கதவு தொறந்துதான இருந்துச்சு," என்றாள் பூங்கோதை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. நான் கொண்டுபோன டம்ளரை எடுத்து அவளுடைய டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.

நர்ஸ் வந்து, மயக்க ஊசிக்கு முன்னால் பாட்டு இருக்கிறது, இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.

"உங்களுக்கு ஆட வருங்களா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"வரும்" என்றேன், உடனே.

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்தார்கள். உள்ளே பனிமலை. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறச் சொன்னார்கள்.