படத்துக்கு வந்த நாற்காலி

இதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வலி எங்கே இருந்தது என்றே மறந்துபோகும் என்று நினைத்துக்கொண்டாள் தேவசேனா. பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் வந்திருந்தது நாற்காலி.

ஆந்திராவில் ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த செல்போன் தொழிற்சாலையில் அவளுக்கு ஆறாவது வருஷம். பிச்சாட்டூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். எட்டு மணி நேரம் நின்றபடி திருகாணி முடுக்கும் வேலை. முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது, உட்கார்ந்து செய்தால் இன்னும் இருபது வருஷம் உழைக்கலாம், நின்றால் ஆறு மாதம் தாங்காது என்று திருப்பதி டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஆபீசில் கொடுத்து நான்கு மாதமாகிறது.

நிர்வாகம் சும்மா இருந்துவிடவில்லை. முதலில் யோகா வைத்தார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனம். பிறகு ஒரு நிபுணர் வந்து, சோபாவில் சாய்ந்தபடி, ஓயாமல் உட்கார்ந்திருப்பதால் வரும் கேடுகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். எல்லாரும் நின்று கேட்டார்கள். போன மாதம் 'உங்கள் முதுகு, எங்கள் பொறுப்பு' என்று பேனர் கட்டினார்கள். அதைக் கட்ட ஒரு ஸ்டூல் வேண்டியிருந்தது. எங்கிருந்தோ வந்தது, கட்டி முடித்ததும் போய்விட்டது.

இன்று, போன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். எச்.ஆர். பிரபாகரே நாற்காலியை அவள் நிற்கும் பெல்ட் அருகே தள்ளிக்கொண்டு வந்தார்.

"கூர்ச்சோம்மா, உக்காருங்க. கொஞ்சம் சிரிச்ச மொகமா."

உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து குதிகால்வரை முறுக்கிக்கொண்டிருந்த கம்பியை யாரோ தளர்த்திவிட்டது போலிருந்தது. சிரிப்பு தானாக வந்தது. அதுதான் வெட்கமாகப் போயிற்று அவளுக்கு. அவர்கள் கேட்ட சிரிப்பை, பொய்யே கலக்காமல் கொடுத்துவிட்டோமே.

"சூப்பர்! அய்ப்போயிந்தி, முடிஞ்சிது. எந்திரிங்க, அடுத்த லைன்லயும் படம் இருக்கு."

அவள் எழவில்லை. லைன் சூப்பர்வைசர் ஸ்வர்ணலதா, நகரி ஊர்க்காரி, குனிந்து காதோரம் சொன்னாள்:

"அக்கா, எந்திரிச்சிடு. ஒடம்பு வேலைக்கு லாயக்கில்லன்னு லெட்டர் அடிச்சி ரெடியா வச்சிக்கினு இருக்காங்க. மொறச்சிக்கினா இன்னிக்கே குடுத்துடுவாங்க."

"நின்னுக்கினே இருந்தா அதே லெட்டர தீபாவளிக்குக் குடுப்பாங்க. அவ்ளோதானே வித்தியாசம்?"

பிரபாகர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். "படந்தான் எடுத்தாச்சே, அம்மா."

பெல்ட்டில் அடுத்த போர்டு வந்து நின்றது. தேவசேனா கையை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் திருகாணியை வைத்தாள்.

"படத்துல நான் ஒக்காந்துக்கினுதானே இருக்கேன், சார்," என்றாள் தலை நிமிராமல். "அப்டியே இருந்துட்றேன்."