ஒரே தாளில் இரண்டு வீடுகள்

பிலோமினாவின் வீடு கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தம்பி சூசையின் வீடும் நகர்ந்துகொண்டிருந்தது. தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. மிச்சம் இந்த இரண்டும்தான்.

ஊரில் சங்கிலி ஒன்றுதான். எந்த வீடு வேகமாகப் போகிறதோ, அதைக் கலங்கரை விளக்கத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சங்கிலி அலுவலகத்தில் வீடுகள் நகரும் வேகத்தை வரைபடமாகப் போடும் வேலை சூசைக்கு.

பிலோமினா தையல்காரி. தினமும் இஞ்ச் டேப்பால் வாசலை அளந்தாள். நாள் ஒன்றுக்கு நாலு அங்குலம். சூசை மாதம் ஒருமுறை அளந்தான். ஏழு அடி.

"ஏலே, என்னுது நாலு, உன்னுது ஏழு. அப்போ சங்கிலி உனக்குத்தானா?"

"அப்படிப் பாக்கக் கூடாதுக்கா. உன்னுது நாளுக்கு, அங்குலத்துல. என்னுது மாசத்துக்கு, அடியில. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரணும்."

ஈர மணலில் விரலால் எழுதிக் காட்டினான். நாலு அங்குலம், முப்பது நாள், நூற்றிருபது அங்குலம். பன்னிரண்டால் வகுத்தால் பத்து அடி.

"நீ மாசம் பத்து அடி போற. நான் ஏழுதான். சங்கிலி உனக்குத்தான்."

அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. தம்பி வீடு போய்விடுமே என்று அழுதாள். "என் வீட்டுலயே வந்து இருந்துக்கோல" என்றாள். சாளை மீன் குழம்பு வைத்துப் போட்டாள். அவன் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

தீர்ப்பு நாளன்று அலுவலகத்தில் சங்கிலி நாற்காலியில் அமர்ந்திருந்தது. அதிகாரி நின்றுகொண்டிருந்தார். சுவரில் ஒரு பெரிய தாள். அதில் சூசை வரைந்த, கட்டம் போட்ட இரண்டு வரைபடங்கள்.

சூசையின் கோடு செங்குத்தாக ஏறி, கூரையைத் துளைத்து மேல்மாடிக்குப் போயிருந்தது. அங்கே யாரோ அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். பிலோமினாவின் கோடு அடிவிளிம்பில் படுத்துக் கிடந்தது. லேசாகக் குறட்டை விட்டது.

"உங்க வீடு நகரவே இல்லம்மா" என்றார் அதிகாரி.

பிலோமினா கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஐயா, அவனுதுல ஒரு கட்டம் ஒரு அடி. என்னுதுல ஒரு கட்டம் ஒரு மைல்."

அதிகாரி ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "ரெண்டு கட்டமும் ஒரு சென்டிமீட்டர்தான். வித்தியாசம் இல்லையே."

"நான் மாசம் பத்து அடி போறேன்யா!"

"கோடு அப்படிச் சொல்லலியே."

"அதை எழுப்பிக் கேளுங்க."

"தூங்குறவங்கள எழுப்ப எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

சூசை மூலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"சூசை, மணல்ல கணக்குப் போட்டது நீதானல? சொல்லு."

"கணக்கு சரிதான்க்கா. நான் ஒரு எண்ணையும் மாத்தல."

அது உண்மை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாரோ ஒருவன் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

"தாளு சின்னதுக்கா" என்றான் அவன், மெதுவாக. "ரெண்டு கோடும் நிமிந்து நிக்க இடமில்ல."

அன்று மாலையே சூசையின் வீட்டைக் கட்டினார்கள். சங்கிலி எழுந்து போனதும் அதிகாரி உட்கார்ந்தார்.

சில வாரங்களில் அலை பிலோமினாவின் தையல் மிஷின் மிதிக்கு வந்துவிட்டது. அவள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தாள். யாரும் வரவில்லை. ஒருநாள் சூசை தன் வீட்டுச் சன்னலில் நின்று கூப்பிட்டான்.

"அக்கா, என் நீலச் சட்டைக்குப் பட்டன் வச்சாச்சா?"

வைத்திருந்தாள். மடித்து நீட்டினாள். அவனும் கையை நீட்டினான். எட்டவில்லை. அவன் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளினான். இடைவெளி இன்னும் பெரிதானது.

"அக்கா, கொஞ்சம் நில்லேன்!"

"நான் நின்னுட்டுதான்டா இருக்கேன்" என்றாள் பிலோமினா. "உங்க ஆபீஸ்ல போய்ப் பாரு."

சட்டையைத் தானே போட்டுக்கொண்டாள். தோளில் கொஞ்சம் பெரிது. சன்னலைச் சாத்தினாள்.