விளக்கைச் சுற்றிய வளையம்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருக்கலாம்.

என் அம்மா முத்தாயிக்கு மூன்று வருடமாக, விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. சேர்வராயன் சாமி இறங்கியிருக்கிறது என்று எங்கள் ஊர் வாழவந்தியில் சொன்னார்கள். வெற்றிலை பாக்கோடு குறி கேட்க வந்தார்கள். வளையம் பெரிதாகும் நாளில் அம்மாவுக்குத் தலை பிளக்கும், வாந்தி வரும். அதையும் அருள் என்றே நம்பினோம். அப்படி நம்பியதில் வலது கண் பாதி போயிற்று.

சேலத்து டாக்டர் படம் வரைந்து காட்டினார். கண்ணுக்குள் லென்ஸ் தடித்து, நீர் வடியும் வழியை அடைத்துவிட்டது. அழுத்தம் ஏறி நரம்பு சாகிறது. அந்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸ் வைத்தால் வழி திறக்கும். கண்புரைக்குச் செய்யும் அதே ஆபரேஷன்தான். போன பார்வை திரும்பாது, இருப்பது தங்கும்.

வலது கண்ணுக்குச் செய்தார்கள். அதில் வளையம் மறைந்தது. இடது கண்ணுக்கு அம்மா மறுத்துவிட்டார்.

"ரெண்டு கண்ணுலயும் எடுத்துப்போட்டா சாமி எங்க போயி நிக்கும்?"

"பார்வையே போயிரும்மா."

"போனாப் போவுது. உன்னாட்டம் நோட்டுல எழுதியா பொழைக்கறேன்?"

அன்று ஒரு பொய் சொன்னேன். "எனக்கும் வளையம் தெரியுதும்மா. நேத்துல இருந்து."

அம்மா கிட்டே வந்து என் கண்ணை உற்றுப் பார்த்தார். "அப்ப எடம் மாறிருச்சு. இனி எனக்குப் பயமில்ல கண்ணு. திங்கக்கெழம பஸ் ஏறிரலாம்."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் அம்மா விளக்கைப் பார்த்து, "வெறும் பல்புதான்" என்றார். அழுதாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

இன்று ஏற்காட்டில் மாலை வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். மூடுபனி. தெருவிளக்கைச் சுற்றி வளையம். பனியிலும் அப்படித் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். பனி என்றால் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும்.

வலது கண்ணை மூடினேன். வளையம் இருந்தது. இடது கண்ணை மூடினேன். வெறும் பல்பு. மூன்று முறை செய்தேன்.

வீட்டு வாசலில் பதினொரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே விளக்குக்கு முன்னால், அம்மா குறி சொல்ல உட்காரும் பலகையைப் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா எழுந்து கைகூப்பினார்.

நான் உட்காரவில்லை. "காலைல சேலத்துக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

மகன் எந்தத் திசைக்கு வேலைக்குப் போகலாம் என்று குறி கேட்க வந்து முன்வரிசையில் இருந்த பெண், பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "சாமி கெழக்க போகச் சொல்லல. சேலந்தானாம்."