கோப்பியின் வரைபடத்தில் இன்னொரு துடிப்பு

கோப்பிக்கு ஒன்பது வயது. பழுப்பு நிறக் கடுவன் பூனை. கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தையாகிவிட்டன, மயக்க மருந்து கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும். அதற்கு முன் இதயத்தை ஒருமுறை ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் மதுமிதா சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உஷாராணி பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மலேசியாவின் கிள்ளானில், தாமான் எனப்படும் ஒரு குடியிருப்பின் கடை வரிசையில், டியூஷன் சென்டருக்குக் கீழே இருந்தது மதுமிதாவின் கிளினிக். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. உதவிக்கு இருக்கும் தாமரை அன்று லீவு.

"ஆன்டி, நீங்களே பிடிச்சுக்கிறீங்களா?"

"பிடிச்சுக்கிறேன் டாக்டர். என்கிட்ட இவன் ஒண்ணும் பண்ண மாட்டான் லா."

மேசைமேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, கோப்பியை வலப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். மதுமிதா கையுறை மாட்டிக்கொண்டு, முன்னங்கால்களின் முட்டியிலும் பின்னங்கால்களின் முட்டியிலும் ஒவ்வொரு கிளிப்பாக நான்கு மாட்டினாள். தொடர்பு நன்றாகக் கிடைக்க ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றினாள். உஷாராணி வலது கையால் ஒரு முன்னங்காலையும் இடது கையால் மற்றதையும் கிளிப்பை ஒட்டிப் பிடித்திருந்தார். அவர் விரல்களிலும் ஸ்பிரிட் வழிந்தது.

திரையில் கோடு ஓடத் தொடங்கியது. சின்ன மேடு, ஊசி முனை, மறுபடி சின்ன மேடு. பூனைக்கே உரிய குட்டையான, வேகமான துடிப்பு. நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. நன்றாகத்தான் இருக்கிறது என்று மதுமிதா நினைத்தபோது, அந்தச் சின்ன ஊசிகளுக்கு நடுவில் பெரிய ஊசி ஒன்று எழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று.

மின்விசிறியால் வரும் குறுக்கீடு என்றால் கோடு முழுக்கப் பொடிப்பொடியாக நடுங்கும். பூனை குர்ர் என்று உள்ளுக்குள் இரைந்தாலும் அப்படித்தான். இது அப்படி இல்லை. மிக மெதுவான, தனக்கென்று ஒரு நடை உள்ள துடிப்பு. பூனையின் துடிப்போடு அது எங்கும் ஒத்துப்போகவில்லை. மதுமிதா ஸ்டெதாஸ்கோப்பைக் கோப்பியின் மார்பில் வைத்தாள். உள்ளே ஒரே ஒரு இதயம் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரையில் மட்டும் இரண்டு இருந்தன.

கிளிப்புகளைக் கழற்றி மீண்டும் மாட்டினாள். மாறவில்லை.

"என்ன டாக்டர், ஒரு மாதிரி பாக்குறீங்க?"

"பெரிசா ஒண்ணு வருது பாருங்க, அது கோப்பியோடது இல்ல."

உஷாராணி திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

"அவருதான்."

அவருடைய கணவர் சுகுமாறன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. சோபாவில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இந்தப் பூனை அப்போது அவர் நெஞ்சின்மேல் இருந்ததாம்.

"சாயங்காலம் நான் படுத்தா தலையணையில கேக்கும் டாக்டர். தொம்… தொம்… மெதுவா. யார்கிட்டயும் சொல்லல, பைத்தியம்னுவாங்க. இவன்தான் அவர வாங்கி வச்சிருக்கான்."

மதுமிதாவிடம் வேறு விளக்கம் எதுவும் அப்போது இல்லை. இயந்திரம் அச்சிட்டுத் தந்த தாளில் பெரிய ஊசிகளை எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒட்டி வர வேண்டிய சிறு மேடு, ஒட்டாமல் தன் போக்கில் அலைந்தது. இதயத்தின் மேலறையும் கீழறையும் ஒன்றோடொன்று பேசாமல் போனால் இப்படித்தான் வரும். வயதான நாய்களிடம் அவள் பார்த்திருக்கிறாள்.

தாளிலிருந்து பார்வையை எடுத்தபோதுதான் உஷாராணியின் ஈரமான வெறுங்கைகள் கண்ணில் பட்டன.

"ஆன்டி, கைய எடுங்க கொஞ்சம்."

கையுறை அணிந்த தன் கையால் பூனையை அழுத்திக்கொண்டாள். பெரிய ஊசிகள் நின்றுவிட்டன.

"மறுபடி பிடிங்க."

அவை திரும்பி வந்தன.

"பாத்தீங்களா," என்றார் உஷாராணி, "நான் விட்டா அவரு போயிடுறாரு."

"ஆன்டி, இது உங்க…"

சொல்லி முடிப்பதற்குள் திரையில் பெரிய ஊசி வராமல் போனது. ஒரு வினாடி. இரண்டு. கோப்பியின் சின்னத் துடிப்புகள் மட்டும் ஓடின. மூன்று. நான்கு. மதுமிதா நிமிர்ந்து பார்த்தாள். உஷாராணியின் கண்கள் திறந்திருந்தன, ஆனால் அந்தக் கண்களில் ஆளே இல்லை. உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. ஐந்து. பெரிய ஊசி எழுந்தது. உஷாராணி கண் சிமிட்டினார்.

"என்ன சொன்னீங்க டாக்டர்?"

"அது உங்க இதயம் ஆன்டி. உங்க ஈரக் கை வழியா கிளிப்புக்கு வருது. அது நிக்கப் பாக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வேணாம். போனா அவர நிறுத்திடுவாங்க."

மதுமிதா திரையை உஷாராணியின் பக்கம் திருப்பினாள். தான் அதற்கு முதுகைக் காட்டி நின்று, உஷாராணியின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள்.

"நான் திரையப் பாக்கல. நீங்க பாருங்க. இப்ப." நிறுத்தினாள். "இப்ப." வெளியே மழை இறங்கியது. "இப்ப."

ஒவ்வொரு முறையும் திரையில் ஊசி எழுந்தது. ஏழாவது முறை சொன்னபோது உஷாராணி பூனையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அவரு இல்லையா?"

மதுமிதா கிளிப்புகளைக் கழற்றி, கோப்பியைக் கூண்டில் விட்டு, கடைக் கதவை இறக்கிவிட்டு, அவரைத் தன் காரிலேயே அழைத்துப் போனாள். வழியில் ஒரு சிக்னலில் உஷாராணியின் தலை ஜன்னல்மேல் சாய்ந்தது. "ஆன்டி! ஆன்டி!" என்று தோளைப் பிடித்து உலுக்கியபின்தான் கண் விழித்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்த டாக்டர் உடனே படுக்கையில் ஏற்றினார். மறுநாள் காலையில் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கோப்பியின் பற்களைப் பிடுங்கினாள் மதுமிதா. தாமரை பிடித்துக்கொண்டாள். உஷாராணி முன்னறை நாற்காலியில் காத்திருந்தார். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது, நன்றாக இருந்தார்.

"இப்ப எப்படி இருக்கு ஆன்டி?"

"மாடி ஏறினாகூட மூச்சு வாங்கல. டாக்டருங்க எல்லாம் உங்களத்தான் சொல்றாங்க, உங்களாலதான் உசிரோட இருக்கேன்னு."

கூடையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனவர் நின்றார்.

"ஆனா டாக்டர், கோவிச்சுக்காதீங்க. அந்தத் துடிப்பு என்னோடதுன்னு, அவரோடது இல்லன்னு நீங்க சொல்லாமலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

பிறகு கதவைத் திறந்துகொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.