முந்தி எழுதிய சாட்சி

ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு டாக்டர், ஒபேதுவை விட்டு அவன் மனைவி தபித்தாளைப் பார்த்தே பேசினார். கெட்ட கட்டிதான், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது, பத்து நாளைக்குள் ஆபரேஷன் செய்துவிடலாம், அதற்கப்புறம் மருந்து. தபித்தாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். "எத்தனை நாளைக்கு லீவு சொல்லோணுங்க டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒபேதுவுக்கு அந்த நிமிஷத்தில் முதலில் நினைவுக்கு வந்தது தன்னுடைய பிளாக். ச்சை, இப்படியும் ஒரு மனுஷனா என்று அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் அவனுக்கு வேலை. ஆறு வருஷமாகத் தினமும் காலை ஐந்தரை மணிக்கு பிளாக்கில் ஒரு தியானம் போடுகிறான். ஒரு வேத வசனம், ஒரு சின்னச் சம்பவம், கடைசியில் ஒரு ஜெயம். ஜெயமில்லாமல் முடித்தால் யாரும் பகிர்வதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்துகொண்டது. போன வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர், "பயப்படற மாதிரி ஒண்ணும் தெரியல, எதுக்கும் ஊசி வெச்சு எடுத்து லேபுக்கு அனுப்பிரலாம்" என்றார். முதல் பாதிதான் ஒபேதுவின் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே, 'என் மனைவியின் கட்டியைத் தொட்ட கரம்' என்று தலைப்பிட்டு, கர்த்தர் சுகமாக்கிவிட்டதாக ஒரு சாட்சி எழுதிப் போட்டுவிட்டான். தபித்தாளிடம் சொல்லவில்லை. அவள் அவன் பிளாக்கைப் படிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். "பசிக்கறதுக்கு முன்னாடியே பரிமாறிப்போடறீங்க" என்று ஒருதரம் சொன்னாள். அவ்வளவுதான்.

அவள் படிப்பது வேறு. ஆலயத்து அலமாரியைக் காலி செய்தபோது எடைக்குப் போகவிருந்த பழம்புத்தகக் கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்திருந்தாள். அட்டையும் இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. எழுதியவர் பேர் தெரியாது. ஏதோ ஒரு கிராமத்துச் சபையின் உபதேசியார், தன் நாட்களைப் பற்றி எழுதியது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அதற்கு மேல் படிக்கமாட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தபித்தாள் படுத்துவிட்டாள். ஒபேதுவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எழுதியதை எப்படிச் சரிக்கட்டுவது? மற்றவர்கள் இப்படி மாட்டிக்கொண்டபோது என்ன எழுதினார்கள் என்று போனில் தேடினான். கர்த்தர் தாமதிப்பதற்கு ஏழு காரணங்கள். சுகம் கிடைக்காததற்கு ஐந்து தடைகள். புயலிலும் புன்னகைக்க மூன்று வழிகள். ஒன்றைப் பாதி படிக்கையிலேயே அடுத்ததைத் திறந்தான். பதினோரு பிளாக் ஆயிற்று. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அவன் எழுதியதைப் போலவே எல்லாரும் எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்க நெஞ்சுக்குள் ஈ மொய்ப்பது போல இருந்தது.

தபித்தாளின் புத்தகத்தை எடுத்தான். அதிலிருந்து இரண்டு வரி கிடைத்தால் அதை வைத்து ஒரு பதிவு எழுதிச் சமாளிக்கலாம்; முன்பும் அப்படிச் செய்திருக்கிறான். கொண்டை ஊசி செருகியிருந்த பக்கத்தில் இப்படி இருந்தது:

'இளையவன் செவ்வாய்க்கிழமை வாந்திபேதியில் மரித்தான். புளியமரத்துக்குக் கீழ்ப்புறம் அடக்கம்பண்ணினோம். மூன்று ஓய்வுநாள் நான் பிரசங்கிக்கவில்லை. நாலாம் ஓய்வுநாள் ஒரு சங்கீதத்தை மாத்திரம் வாசித்து உட்கார்ந்துகொண்டேன். சபையார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தயவை மறவேன்.'

ஒபேது அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினான். அடுத்த பக்கம் கிணறு வெட்டியதைப் பற்றி. பையன் ஏன் செத்தான், அதிலிருந்து கற்றுக்கொண்டதென்ன, ஒன்றுமில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு மனுஷன் பாதியில் விட்டுவிட்டுப் போவானா? மறுபடி அந்த ஆறு வரியைப் படித்தான். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொருதரம் படித்தான். மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். தன்னால் மூன்று மணி நேரம் முடியவில்லை.

பதிவை எடுத்துவிடலாம் என்று பிளாக்கைத் திறந்தான். கீழே முந்நூறுக்கு மேல் ஆமென்கள். தள்ளிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான்.

'பிரதர் நான் அந்தியூர் பக்கம் ஆறுச்சாமி. சபைக்கு வந்து ஒரு வருசம் ஆகுது. என் மனைவி சரசாளுக்கும் மாரில் இதே மாதிரி கட்டி. ஈரோட்டு டாக்டர் ஊசி வைத்து எடுக்க வரச் சொன்னார். உங்கள் சாட்சி படித்த பின் போக வேண்டாம் என்று விட்டோம். ஜெபிக்கவும்.' கூடவே போன் நம்பர்.

அதற்குக் கீழே ஒபேதுவின் பதில்: 'ஆமென் பிரதர்! விசுவாசத்தில் உறுதியாயிருங்கள்.' எப்போது எழுதினான்? டீ இடைவேளையில், வரிசையாக எல்லாருக்கும் போட்டதில் ஒன்றாக இருக்கும். படித்த ஞாபகமே இல்லை.

தபித்தாளை எழுப்பிப் போனைக் கையில் கொடுத்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து பதிவை முழுவதும் படித்தாள். பிறகு ஆறுச்சாமி எழுதியதை. பிறகு அவன் பதிலை.

"என்ர பேரு போட்டிருக்கீங்க."

"நாலு பேர் ஜெபிப்பாங்கன்னு..."

"அப்ப ரிசல்ட்டே வரலீங்களே." குரல் உயரவில்லை. "என்ர ஒடம்புங்க இது. ஒரு வார்த்தை என்னைக் கேக்கோணும்னு தோணலீங்களா?"

"இப்பவே எடுத்துப்போடறேன்" என்றான்.

"எடுத்தாச் சரியாப் போச்சுங்களா? அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போகாமத்தான இருக்கும் இன்னும். போனைப் போடுங்க."

"என்னன்னு சொல்றது தபித்தா?"

"தெரியாம எழுதிப்போட்டேன்னு சொல்லுங்க. வேறென்னத்தச் சொல்றது?"

நாலாவது மணியில் எடுத்தார்கள். பெண் குரல்.

"அலோ, யாருங்க? அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காருங்க."

"நான் கோயமுத்தூருங்க. பிளாக் எழுதறவன், ஒபேதுன்னு..."

"அட, பிரதருங்களா!" அந்தக் குரல் மலர்ந்துவிட்டது. "உங்கூட்டு அம்மணிக்குச் சொகமாயிருச்சாமா, தெனமும் சொல்லுவாருங்க. எனக்குங்கூட இப்பக் கொஞ்சம் கொறஞ்சாப்பலதான் இருக்குதுங்க."

ஒபேது வாயைத் திறந்தான். காலை ஐந்தரை மணிக்குத் தானாக வந்து விழும் வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "அலோ? பிரதர்?" என்றது போன். தபித்தாள் கையை நீட்டினாள். கொடுத்தான்.

"நான்தானுங்க அந்த அம்மணி. பேரு தபித்தாள்." "எனக்குச் சொகமாகலீங்க. இன்னைக்குத்தான் ஆபரேஷனுக்குச் சொல்லிப்போட்டாங்க."

மறுமுனையில் எங்கோ ஒரு மாடு கத்தியது மட்டும் ஒபேதுவுக்கும் கேட்டது. தபித்தாள் காலாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, நிதானமாகப் பேசப்போகிறவளாக உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள். "எனக்கு இந்தப் பக்கம்." சொல்லிக்கொண்டே, எதிரில் இருக்கிறவளுக்குக் காட்டுவதுபோல, இடது மார்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.