யாரும் என்னைத் தொடாதீங்க

வெர்னா டீச்சரை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் பள்ளி வாரியம் இரண்டு காரியம் செய்தது. அவர் முப்பத்தைந்து வருஷமாகக் கட்டிக் காத்த பெண்கள் ஓட்ட அணியைக் கலைத்துவிடலாம் என்றது. கையோடு, பள்ளிக்குப் பின்னாலிருக்கும் மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கப் போவதாகவும் அறிவித்தது. கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டுக் கையில் மிட்டாயைத் திணிக்கிற வேலை!

ஆகஸ்ட் கூட்டத்தில் பள்ளிக் கண்காணிப்பாளர் பிரெஸ்காட் தேன் ஒழுகப் பேசினார். "ஜூன்ல நீங்க ஓய்வு பெறுறீங்க. மைதானத்துக்கு உங்க பேரு. நம்ம ஆல்டர் க்ரீக் ஊருக்கே பெருமை, டீச்சர்."

"செத்தவங்க பேரைத்தான் மைதானத்துக்கு வைப்பாங்க. எனக்கு இன்னும் உசிரு இருக்கு," என்றார் வெர்னா டீச்சர். "பேரை நீங்களே வச்சுக்குங்க. அணியைக் கலைக்காம விடுங்க."

"அணி எங்க இருக்கு? போன வருஷம் நாலு பேருதானே தேறினாங்க?"

அது உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். காடு மேடெல்லாம் ஓடுகிற இந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் ஒரு பள்ளியின் முதல் ஐந்து பேர் பிடிக்கிற இடங்களைக் கூட்டித்தான் புள்ளி. நான்கு பேர் குதிரை மாதிரி ஓடி முன்னால் வந்தாலும், ஐந்தாவது ஆள் முடிவுக்கோட்டைத் தாண்டவில்லையென்றால் அந்தப் பள்ளி பட்டியலிலேயே கிடையாது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியபின் வாரியம் இறங்கி வந்தது. அக்டோபர் வட்டாரப் போட்டியில் ஐந்து பேரும் ஓடி முடித்தால் அணி நீடிக்கும். இல்லையென்றால் கலைப்புதான்.

"எழுத்துல குடுங்க," என்று கேட்டு வாங்கி, மடித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

நான்கு பேர் கையில் இருந்தார்கள். ஐந்தாவதாக, தன் வடிவியல் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஜூனியைப் பிடித்தார். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிற பெண். பதினைந்து வயதுவரை பேருந்துக்காகக்கூட ஓடியதில்லை.

"எனக்கு ஓட வராது, டீச்சர்."

"நடக்க வருமா?"

"வரும்."

"அப்ப அதையே கொஞ்சம் அவசரமா செய்."

அப்படித்தான் ஜூனி அணிக்கு வந்தாள். எல்லாப் போட்டியிலும் கடைசியாக வந்தாள். ஆனால் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருக்கவில்லை. டீச்சருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வட்டாரப் போட்டி ஆல்டர் க்ரீக்கிலேயே நடந்தது. சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் மழையும் பனியும் கலந்து முகத்தில் அடித்தது. மற்ற பள்ளிப் பயிற்சியாளர்கள் முடிவுக்கோட்டருகே நின்று முதலில் வருகிறவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். வெர்னா டீச்சர் அங்கே நிற்கிற ஆளில்லை. தன் அப்பாவின் பால்பண்ணையிலிருந்து எடுத்து வந்த பழைய மாட்டுமணியோடு, தன் பெண்களில் யார் கடைசியோ அவள் வரும் வழியில்தான் எப்போதும் நிற்பார். கணவர் ரெய்னோ பக்கத்தில் நின்று இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"நாலு பேரும் முடிச்சாச்சு," என்றார் ரெய்னோ. "உன் டியூபாவைத்தான் காணோம்."

"வருவா."

"எண்பது பேருக்கு மேல போயாச்சு, வெர்னா. வழி காட்டுற கொடியைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

"கழட்டட்டும். அவ கால்ல ஓடுறா, கொடியிலயா ஓடுறா?"

சதுப்புத் திருப்பத்தில் ஜூனி தெரிந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. சேற்றில் ஓடும் நாளில் ஷூவைச் சுற்றி டேப் ஒட்டடி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், கேட்டால்தானே! காலுறை கிழிந்து ரத்தம் தெரிந்தது. டீச்சர் மணியை உலுக்கினார். கயிற்று வேலிக்கு வெளியே, அவளுக்கு இணையாகத் தானும் மேட்டில் மூச்சிரைக்க ஏறினார்.

கோட்டுக்கு முப்பதடி இருக்கும்போது ஜூனியின் முழங்கால் மடிந்தது. அப்படியே சேற்றில் முகம் குப்புற விழுந்தாள்.

ஜூனியின் அப்பா அர்வோ, மரம் வெட்டுகிற ஆள், கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தான். அந்தப் பக்கமிருந்து குடையோடு பிரெஸ்காட், "ஐயோ பாவம், குழந்தை!" என்று வந்தார். வெர்னா டீச்சர் மணியைத் தூக்கியெறிந்துவிட்டு இருவருக்கும் குறுக்கே கையை விரித்து நின்றார்.

"டேய் அர்வோ! நில்லுடா அங்கேயே!"

"தள்ளுங்க டீச்சர்! என் பொண்ணு விழுந்து கெடக்குறா!"

"எனக்கும் கண்ணு இருக்கு. உன் விரல் பட்டாலும் அவ ஓடினது செல்லாது."

"செல்லாட்டிப் போவுது! நீங்கல்லாம் ஒரு மனுஷியா?"

"விதியைப் பெருசு பண்ணாதீங்க, டீச்சர்," என்றார் பிரெஸ்காட். "அணி என்ன அணி, பிள்ளை முக்கியமில்லையா?"

"அஞ்சு பேரும் முடிக்கணும்னு விதி போட்டது நீங்க. எழுத்துல என் பையில இருக்கு. தள்ளி நில்லுங்க."

வெளியூர்க்காரர்கள் கூச்சலிட்டார்கள். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ கத்தியது டீச்சர் காதில் விழுந்தது. அவர் பயந்தது அந்தக் கூச்சலுக்கு இல்லை. அர்வோவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஜூனியின் அம்மா டார்லாவுக்கு.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், இதே மேட்டில், இதே மாதிரி விழுந்தவள் டார்லா. அப்போது டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் வாரித் தூக்கிவிட்டார். நடுவர் அந்த இடத்திலேயே டார்லாவின் பெயரை அடித்தார். அவள்தான் அன்று ஐந்தாவது. ஐந்து மைல் காட்டில் ஓடிப் பழகிய ஒரு வருஷ உழைப்பு ஒரு நொடியில் போயிற்று. டார்லா மறுநாள் அணியை விட்டு விலகினாள். அதற்குப் பிறகு கடையில் பார்த்தால்கூட 'குளிரு ஜாஸ்தி' என்பதற்கு மேல் பேசியதில்லை. அன்பு காட்டித்தான் அந்தப் பெண்ணைக் கெடுத்தோம் என்று டீச்சர் இத்தனை வருஷமும் மனசுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

டீச்சர் ஜூனியிடமிருந்து ஒரு முழம் தள்ளிச் சேற்றில் மண்டியிட்டார். "ஜூனி, என்னைப் பாரு. மூச்சு ஒழுங்கா வருதா?"

"வருது."

"தலை சுத்துதா?"

"இல்ல. காலுதான்."

"போதும்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்த நிமிஷமே உங்கப்பா தூக்கிடுவாரு. நான் குறுக்க நிக்க மாட்டேன். அணி மண்ணாப் போகட்டும். சொல்லுடி, கண்ணு."

ஜூனி வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள். அப்பாவைப் பார்த்தாள், குடைக்காரரைப் பார்த்தாள்.

"யாரும் என்னைத் தொடாதீங்க," என்றாள்.

அர்வோவுக்கு அது பொறுக்கவில்லை. மறுபடி பாய்ந்தான். அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்து இழுத்தது.

"ஏங்க, நில்லுங்க," என்றாள் டார்லா. "அன்னைக்கு இவங்க என்னைத் தூக்கிவிட்டாங்க. இந்த நாள்வரைக்கும் அதை நான் மன்னிக்கல. நம்ம பொண்ணுக்கு அதை நீங்க செய்யாதீங்க."

ஜூனி தவழ்ந்தாள். பத்தடி போனதும் ஒரு கையை ஊன்றி எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள். முன்பே முடித்துவிட்ட நான்கு பெண்களும் கோட்டுக்கு அப்பால் கையைக் கட்டிக்கொண்டு, கூப்பிட மட்டும் செய்தார்கள். கொடி கழற்றிக்கொண்டிருந்த ஆள் கழற்றிய கொடியை மறுபடி நட்டான். ஷூ இல்லாத கால்தான் முதலில் கோட்டைத் தாண்டியது.

"தொண்ணூத்தி ரெண்டு," என்றார் நடுவர். "ஆல்டர் க்ரீக், அஞ்சாவது."

"இப்பத் தொடுடா!" என்று கத்தினார் டீச்சர். அர்வோ மகளை வாரிக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதான்.

பிரெஸ்காட் குடையைச் சரி செய்துகொண்டு, வாரியம் இதைப் பற்றி மறுபடி கலந்து பேச வேண்டியிருக்கும் என்று இழுத்தார்.

"பேசுங்களேன்," என்றார் டீச்சர். "அந்தத் தாளை நகலெடுத்து இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் ஒட்டிட்டுத்தான் நான் ஓய்வுக்குப் போவேன். ரெய்னோ, பசை இருக்கா நம்ம வீட்ல?"

"ரெண்டு டப்பா இருக்கு," என்றார் ரெய்னோ, மென்றுகொண்டே.

பிரெஸ்காட் நகர்ந்தார். டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் சேற்றில் மாட்டிக்கொண்டது, அறுபத்துநான்கு வயது. அண்ணாந்து பார்த்தால் டார்லா நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

"வாங்க டீச்சர்," என்றாள். "உங்களைத் தொட்டா ஒண்ணும் ஆகாது."

"பேசாமத் தூக்குடி," என்றார் வெர்னா டீச்சர், தன் இரண்டு கையையும் அவளிடம் நீட்டி.